ஒரே ஜீப், ரெண்டு மைலேஜ்: 1949ல இருந்து பரனூர் டோல் வரைக்கும்

இந்த எபிசோட் ஒரு பெட்ரோல் பங்க்ல ஆரம்பிக்குது.

போன டிசம்பர்ல நானும் என் காலேஜ் நண்பனும் சிங்கப்பெருமாள் கோயில்ல டேங்கை ஃபுல் பண்ணிட்டு பாண்டிச்சேரி கிளம்பினோம். போகும்போது ஜிஎஸ்டி ரோடு, திரும்பும்போது ஈசிஆர், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம். ரெண்டு பேர்கிட்டயும் தார். ஒரே வருஷம், ஒரே 2.2 லிட்டர் டீசல், ஒரே கியர்பாக்ஸ். திரும்பி வந்து அதே பங்க்ல மறுபடி ஃபுல் பண்ணோம். எனக்கு 21 லிட்டர், அவனுக்கு 25.6. அவன் கணக்குப்படி மைலேஜ் 9.5, எனக்கு 12.

அவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்கு. ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்ல "இன்ஜின்ல வேலை இருக்கு"ன்னு சொல்லி, அவனோட ஒரு மாச சம்பளத்தை எஸ்டிமேட்டா கொடுத்திருந்தாங்க. வண்டியை வித்துடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தான்.

பதிலைத் தேடப்போய் நான் விழுந்தது வரலாற்றுல. ஏன்னா "பாக்க ஒரே மாதிரி, குடிக்கிறதுல வேற மாதிரி"ங்கிற கதை நம்ம ஊர்ல ஜீப் வந்த நாள்ல இருந்தே இருக்கு.

மஹிந்திரா இந்தியாவுல வில்லிஸ் ஜீப்பைக் கட்ட ஆரம்பிச்சது 1940களோட கடைசியில. 1949ல முதல் வண்டி. ரெண்டாம் உலகப்போர் ஜீப்ல இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. அதுல வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டுல இருக்கும். ரிப்பேர் பண்ண சுலபம், ஆனா பெட்ரோல் கலவையை ஆறரை மடங்குதான் அழுத்த முடியும். அழுத்தம் கம்மின்னா, அதே எரிபொருள்ல கிடைக்கிற வேலையும் கம்மி. போர்க்களத்துல யாரும் மைலேஜ் கேட்கலை, அதனால ஓடிச்சு.

1953ல சிஜே 3பி வந்தப்போ உள்ளே போற வால்வை மேல தூக்கி வெச்சாங்க. இன்ஜின் உயரமாச்சு, பானெட்டையும் தூக்க வேண்டியதாச்சு. பழைய சினிமாவுல பார்க்கிற அந்த உயர்ந்த மூக்கு ஸ்டைலுக்காக வந்தது இல்லை, இன்ஜினுக்காக வந்தது.

அடுத்த திருப்பம் எண்ணெய் நெருக்கடி. 1973ல உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை எகிறிச்சு. 1979ல மஹிந்திரா பிரான்ஸ் நாட்டு பெஜோகிட்ட டீசல் இன்ஜின் தயாரிக்க லைசென்ஸ் வாங்கினாங்க. பெட்ரோல் ஜீப்போட உடம்புக்குள்ள, காற்றை 20 மடங்குக்கு மேல அழுத்துற டீசல் இன்ஜின். வெளியில இருந்து பார்த்தா பெரிய வித்தியாசம் தெரியாது, பங்க்ல பில் வரும்போதுதான் தெரியும். டீசல் விலையை அரசாங்கம் கம்மியா வெச்சிருந்தது இன்னொரு காரணம். பெட்ரோல் விலை 2010 ஜூன்லயே சந்தைக்கு விடப்பட்டது, டீசலுக்கு அது நடந்தது 2014 அக்டோபர்லதான்.

நடுவுல 1985ல மாருதி ஜிப்ஸி. வெறும் 970 சிசி, எடை சுமார் ஒரு டன். சின்ன இன்ஜின்னா மைலேஜ் கொட்டும்னு நினைப்போம். ஆனா அந்தச் சின்ன இன்ஜின் ஒரு செவ்வகப் பெட்டியை காற்றுக்கு எதிரா தள்ளணும், அதுக்கு வேகமா சுத்தணும். முன்சக்கர ஹப்களைக் கையால லாக் பண்ற வசதி இருந்தது. மண்ரோட்டுல லாக் பண்ணிட்டு திரும்ப எடுக்க மறந்தா, தார்ரோட்டுலயும் முன்பக்க ஷாஃப்ட் சும்மாவே சுத்தும். அதுக்கும் எரிபொருள் செலவாகும். ஒரே தெருவுல ரெண்டு ஜிப்ஸி ரெண்டு மைலேஜ் கொடுக்க இதுவே போதும்.

அப்புறம் வரி. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன வண்டிகளுக்கு வரிச்சலுகை. டீசல்னா 1500 சிசி வரைக்கும். அதனாலதான் 2023 ஜனவரியில தார்ல 1.5 லிட்டர் டீசல், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல் வந்தது. அதே முகம்தான், ஆனா முன்பக்க ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கிடையாது. சாலை ஜிஎஸ்டி வேற, வரி ஜிஎஸ்டி வேற. ஆனா ரெண்டும் சேர்ந்துதான் உங்க வண்டியோட வயிற்றைத் தீர்மானிக்குது.

கம்பெனி சொல்ற மைலேஜ் எண்ணும் ஒரு சோதனைக்கூட எண்தான். உருளை மேல சுமார் 20 நிமிஷம் ஓட்டுவாங்க, அதிகபட்ச வேகம் 90. அதுல கேரியரும் இல்லை, பரனூர் டோல் கியூவும் இல்லை.

இப்போ நண்பனோட வண்டிக்கு வருவோம். துப்பு ஓடோமீட்டர்ல இருந்தது. ஒரே பாதைதான் போனோம். என் மீட்டர் 252 கிமீ, அவன் மீட்டர் 243. ஒன்பது கிமீ எங்கே போச்சு?

டயர்ல. என்னோடது கம்பெனி டயர், 245/75 ஆர்16, விட்டம் சுமார் 774 மிமீ. அவன் கெத்துக்காக மாட்டினது 265/75 ஆர்16, சுமார் 804 மிமீ. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 சதவீதம் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. அதாவது 9.5 இல்லை, 9.8. இன்ஜின் குடிக்காத எரிபொருளுக்கும் இன்ஜின் மேல பழி!

மீதி? கனமான முரட்டு டயர், அதுலயும் காற்று கம்மி. மேல காலி கேரியர். அப்புறம் வேகம். 80ல போறவன் 100க்கு ஏத்தினா, காற்று எதிர்ப்பு ஒண்ணேகால் மடங்கு ஆகாது, ஒன்றரை மடங்குக்கும் மேல ஆகும். வேகத்தோட இருமடிப் பெருக்கம் அது. ஜீப் மாதிரி நிமிர்ந்த கண்ணாடி இருக்கிற வண்டிக்கு அது இன்னும் வலிக்கும்.

கேரியரைக் கழட்டினோம், காற்றடிச்சோம், 80ஐத் தாண்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அதே ரூட், டயருக்கான திருத்தத்தோட 11.2. இன்ஜினைத் தொடவே இல்லை. எஸ்டிமேட் பேப்பர் இப்போ அவன் கிளவ் பாக்ஸ்ல மடிச்சு கிடக்கு.

டயரை மட்டும் மாத்த மாட்டேங்கிறான். "மச்சான், அது இல்லாம இது ஜீப்பே இல்லடா"ங்கிறான். சரி, அந்த 0.8 அவன் விரும்பிக் கொடுக்கிற காசு. இன்ஜின் வேலைக்குன்னு கேட்ட காசு அப்படி இல்லை.

உங்க வண்டிக்கும் யாராவது "இன்ஜின் போச்சு"ன்னு சொன்னா, முதல்ல டயர் பக்கவாட்டுல இருக்கிற எண்ணைப் படிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.