தான்சானியா: 1964ஆம் ஆண்டின் கொந்தளிப்பும் ஒன்றியமும்

1964ஆம் ஆண்டு பிறந்தபோது தான்சானியா என்ற பெயரில் ஒரு நாடு இருக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருநிலத்தில், 1961 டிசம்பர் 9 அன்று பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்ற தாங்கனிக்கா குடியரசும், அதன் கரைக்கு அப்பால், 1963 டிசம்பர் 10 அன்று விடுதலை பெற்று ஒரு மாதம்கூடக் கடந்திராத சான்சிபார் சுல்தானகமும் தனித்தனி நாடுகளாக இருந்தன. ஜனவரியில் தீவில் ஒரு புரட்சியும், அதற்கு எட்டு நாள் கழித்துப் பெருநிலத்தில் ஒரு படைக்கலகமும் நிகழ்ந்தன. ஏப்ரலில் இரு நாடுகளும் ஒன்றாயின. அக்டோபரில் அந்த ஒன்றியம் தான்சானியா என்னும் பெயரைப் பெற்றது. இந்த இணைப்பை ஆப்பிரிக்க ஒற்றுமைக் கொள்கையின் விளைவாக மட்டும் எழுதும் வழக்கம் உண்டு. ஆயினும் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால், கொள்கைக்கு இணையாக அச்சமும் அதை உந்தியது புலனாகும்.

சான்சிபார் என்பது உங்குஜா, பெம்பா ஆகிய இரு பெருந்தீவுகளையும் பல சிறு தீவுகளையும் கொண்டது. ஓமானிலிருந்து வந்த அரபு அரச மரபினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கிராம்புத் தோட்டங்களை வளர்த்தனர். பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில்தான் அத்தோட்டங்கள் செழித்தன. 1890இல் தீவுகள் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்தன. அடிமைமுறை 1897இல் சட்டப்படி ஒழிந்தபோதும் நிலவுடைமை பெரும்பாலும் கைமாறவில்லை. மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்கர்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் பாரசீக முன்னோரிடமிருந்து வந்தவர்களாகத் தம்மைக் கருதி ஷிராசி என்று பெயரிட்டுக்கொண்டனர். மற்றவர்கள் பெருநிலத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களும் அடிமைகளின் வழிவந்தவர்களும் ஆவர். நிலத்தில் அரபுகளும், வணிகத்திலும் அரசு எழுத்தர் பணிகளிலும் இந்திய வம்சாவளியினரும் மேலோங்கியிருந்தனர்.

இந்தப் பிளவுகள் கட்சிகளாக உருவெடுத்தன. அபெய்த் கரூமே தலைமையிலான ஆப்ரோ-ஷிராசி கட்சி ஆப்பிரிக்கப் பெரும்பான்மையினரின் குரலாக இயங்கியது. சான்சிபார் தேசியக் கட்சி அரபுத் தலைமையுடன், பெம்பாவில் வலுப்பெற்றிருந்த சான்சிபார், பெம்பா மக்கள் கட்சியோடு கூட்டணி அமைத்தது. 1961 ஜூன் தேர்தலைத் தொடர்ந்த கலவரத்தில் 68 பேர் உயிரிழந்தது வரவிருந்ததற்கு முன்னறிகுறியாக அமைந்தது. 1963 ஜூலைத் தேர்தலில் ஆப்ரோ-ஷிராசி கட்சி 54 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும், தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்த முறையால் 31 இடங்களில் 13ஐ மட்டுமே வென்றது. எஞ்சிய 18 இடங்களைப் பெற்ற கூட்டணி முகம்மது ஷாம்தே ஹமாதியைப் பிரதமராக்கி ஆட்சி அமைத்தது. விடுதலையின்போது சுல்தான் ஜம்ஷீத் பின் அப்துல்லா அரசின் தலைவரானார். பெரும்பான்மை வாக்குப் பெற்றவர்கள் எதிர்வரிசையில் அமர்ந்திருந்த அந்த ஏற்பாட்டைக் காக்கப் பிரித்தானியப் படை எதுவும் தீவில் விட்டுவைக்கப்படவில்லை. போதாக்குறைக்குப் புதிய அரசு, பெருநிலத்தில் பிறந்த காவலர்கள் பலரை நம்ப மறுத்துப் பணியிலிருந்து நீக்கியது. ஆயுதப் பயிற்சியும் காவல் நிலையங்களின் உள்ளமைப்பு பற்றிய அறிவும் பெற்றவர்களை வேலையில்லாமல் தெருவில் நிறுத்திய இம்முடிவைவிடப் பெரிய தவற்றை அவ்வரசு செய்திருக்க முடியாது.

1964 ஜனவரி 12 அதிகாலையில் சில நூறு பேர் கத்தி, ஈட்டி, வில் ஆகியவற்றுடன் ஸிவானி காவல்துறைத் தலைமையகத்தையும் மற்றொரு காவல் முகாமையும் தாக்கி அங்கிருந்த துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். அவர்களை நடத்தியவர் ஜான் ஒகெல்லோ. உகாண்டாவில் பிறந்து, 1959இல் பெம்பாவுக்கு வந்து, கல்லுடைப்பு முதலிய கூலி வேலைகள் செய்தவர். பொழுது சாய்வதற்குள் நகரின் பெரும்பகுதி கிளர்ச்சியாளரின் கைக்கு வந்தது. சுல்தான் தம் குடும்பத்துடன் கப்பலேறித் தப்பினார். வானொலியில் தம்மைப் பீல்டு மார்ஷல் என்று அறிவித்துக்கொண்ட ஒகெல்லோ, கொடூரமான தண்டனைகளைக் கூறி மக்களை மிரட்டினார். புரட்சியைத் திட்டமிட்டதில் கரூமேயின் கட்சிக்கும், அப்துர்ரஹ்மான் முகம்மது பாபுவின் இடதுசாரி உம்மா கட்சிக்கும் எவ்வளவு பங்கு இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றளவும் உடன்பாடில்லை. ஆனால் பலன் யார் கைக்குச் சென்றது என்பதில் ஐயமில்லை: கரூமே அதிபரானார், பாபு வெளியுறவு அமைச்சரானார், மார்ச் மாதத்தில் ஒகெல்லோ தீவுக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது.

அடுத்த சில நாள்களில் அரபுகள் மீதும், ஓரளவு தெற்காசியர் மீதும் நிகழ்ந்த கொலை, கொள்ளை, வன்புணர்ச்சி ஆகியவையே இப்புரட்சியின் மிகக் கொடிய பகுதி. இறந்தோர் தொகை சில நூறு முதல் இருபதாயிரம் வரை பலவாறாகக் கூறப்படுகிறது. இத்தாலியப் படக்குழு ஒன்று வானிலிருந்து எடுத்த பிணக்குவியல் காட்சிகள் ஆப்பிரிக்கா அத்தியோ என்னும் படத்தில் இடம்பெற்றன. ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினர். மார்ச்சில் நிலம் முழுவதும் அரசுடைமையாக்கப்பட்டபோது பழைய தோட்ட முதலாளிகளின் காலம் முடிவுக்கு வந்தது.

தீவில் ஒழுங்கை நிலைநாட்ட உதவுமாறு கரூமே கேட்க, தாங்கனிக்காவின் அதிபர் ஜூலியஸ் நைரேரே தம் காவல்துறையினரில் ஒரு பிரிவை அனுப்பிவைத்தார். அதனால் தார் எஸ் சலாமில் காவல் பலம் குறைந்திருந்த வேளையில் ஜனவரி 20 அதிகாலை கோலிட்டோ முகாமில் தாங்கனிக்கா ரைபிள்ஸ் படையின் முதற் பட்டாளம் கலகம் செய்தது. விடுதலை பெற்று இரண்டாண்டு கடந்தும் படையின் உயர் அலுவலர்களில் பெரும்பாலோர் பிரித்தானியராகவே இருந்தனர். சிப்பாய்களின் ஊதியமோ சொற்பம். பணி நியமனங்களில் ஆப்பிரிக்கருக்கு முன்னுரிமை தருவது இனி இல்லை என்று நைரேரே அம்மாதத் தொடக்கத்தில் அறிவித்திருந்ததும் அவர்களின் மனக்குறையைக் கூட்டியது. கலகக்காரர்கள் பிரித்தானிய அலுவலர்களை அடைத்துவைத்து, வானூர்தி நிலையத்தையும் வானொலியையும் கைப்பற்றி, அதிபர் மாளிகையைச் சூழ்ந்தனர். நைரேரேயும் துணை அதிபர் ரஷீதி கவாவாவும் மறைவிடம் சென்றனர். பாதுகாப்புத் துறையையும் கவனித்த அமைச்சர் ஆஸ்கார் கம்போனா தனியாகச் சிப்பாய்களிடம் பேசி, பிரித்தானியரை நாட்டிலிருந்து அனுப்புவதாகவும் ஊதியத்தை ஆராய்வதாகவும் வாக்களித்தார். நகரில் கடைகள் சூறையாடப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. மறுநாள் கலகம் தபோராவிலிருந்த இரண்டாம் பட்டாளத்துக்கும், அதே வாரத்தில் உகாண்டாவின் ஜிஞ்ஜா, கென்யாவின் லானெட் முகாம்களுக்கும் பரவியது.

இது ஆட்சியைக் கைப்பற்றும் முயற்சியாகத் தொடங்கவில்லை. ஊதியத்துக்கும் பதவிக்குமான கலகமாகவே தொடங்கியது. எனினும் தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் சிப்பாய்களோடு தொடர்பு கொண்ட செய்தி எட்டியதும் நைரேரே, தமக்கு மிகுந்த தலைகுனிவாகத் தோன்றிய முடிவை எடுத்துப் பிரித்தானியாவின் படையுதவியைக் கோரினார். ஜனவரி 25 விடியலில் செண்டார் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் இறங்கிய அரச கடற்படை வீரர்கள் கோலிட்டோ முகாமைச் சிறிது நேரத்திலேயே அடக்கினர். பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் கூட்டத்தைத் தார் எஸ் சலாமில் கூட்டி நைரேரே தம் செயலை விளக்கினார். பிரித்தானியர்க்கு மாற்றாக நைஜீரியப் பட்டாளம் ஒன்று வந்து சேர்ந்தது.

கலகத்தின் நிலைத்த விளைவு படையின் இயல்பு மாறியதே ஆகும். பழைய ரைபிள்ஸ் படை கலைக்கப்பட்டு, நைரேரேயின் தாங்கனிக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியக் கட்சியின் இளைஞர் அணியிலிருந்து ஆள் சேர்த்து, மக்கள் பாதுகாப்புப் படை என்னும் புதிய படை 1964 செப்டம்பரில் அமைக்கப்பட்டது. தபோராவில் பணியாற்றிய மிரிஷோ சாரகிகியா அதன் தளபதியானார். சிப்பாய் அரசியலுக்கு அப்பாற்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற பிரித்தானியக் கோட்பாடு கைவிடப்பட்டு, அவன் கட்சியின் உறுப்பினனாக இருப்பதே பாதுகாப்பு என்னும் கோட்பாடு அந்த இடத்தைப் பிடித்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் கலைக்கப்பட்டு அரசின் கட்டுப்பாட்டிலுள்ள ஒரே சங்கம் உருவாக்கப்பட்டது. அண்டை நாடுகள் பலவற்றில் படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்த காலத்தில் தான்சானியா தப்பியதற்கு இம்மாற்றம் ஒரு காரணம். எதிர்க்குரலுக்கு இடம் சுருங்கியது அதற்குக் கொடுத்த விலை.

இதற்கிடையே சான்சிபார் பனிப்போரின் களமாயிற்று. பிரித்தானியாவும் அமெரிக்காவும் புதிய அரசை ஏற்கப் பிப்ரவரி இறுதிவரை தயங்கின. அந்த இடைவெளியில் சீனா, சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி ஆகியவை உதவியாளர்களோடு வந்து சேர்ந்தன. தீவு ஆப்பிரிக்காவின் கியூபாவாகிவிடும் என்று வாஷிங்டன் அஞ்சியது. தம் வாசலில் வல்லரசுகள் மோதும் என்று நைரேரே அஞ்சினார். பாபுவின் இடதுசாரிகள் தம்மை ஓரங்கட்டுவர் என்று கரூமே அஞ்சினார். இம்மூன்று அச்சங்களும் ஒரே திசையில் தள்ள, ஏப்ரல் 22 அன்று நைரேரேயும் கரூமேயும் ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஏப்ரல் 26 அன்று தாங்கனிக்கா, சான்சிபார் ஐக்கியக் குடியரசு பிறந்தது. நைரேரே அதிபராகவும், கரூமே முதல் துணை அதிபராகவும், கவாவா இரண்டாம் துணை அதிபராகவும் பொறுப்பேற்றனர். வெளியுறவு, பாதுகாப்பு, குடியுரிமை உள்ளிட்ட 11 துறைகள் ஒன்றியத்துக்கு ஒதுக்கப்பட, ஏனையவை சான்சிபாரின் பொறுப்பில் விடப்பட்டன. பாபு ஒன்றிய அமைச்சராகப் பெருநிலத்துக்கு அழைக்கப்பட்டதால் தீவில் அவருடைய பிடி தளர்ந்தது. மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. ஒன்றியத்தின் மீது பின்னர் எழுந்த வினாக்களில் பல இந்தக் குறையிலிருந்தே கிளைத்தவை.

ஆண்டின் பிற்பகுதியும் அமைதியாகக் கழியவில்லை. சான்சிபாரில் தூதரகம் நடத்திய கிழக்கு ஜெர்மனியை வெளியேற்றுமாறு மேற்கு ஜெர்மனி வற்புறுத்தியது. இப்பூசல் அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்மனியின் படையுதவி நிறுத்தப்படுவதிலும், எஞ்சிய உதவியை நைரேரே தாமே மறுப்பதிலும் முடிந்தது. அக்டோபர் இறுதியில் இரு நாடுகளின் பெயர்களையும் இணைத்துத் தான்சானியா என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. கரூமே 1972 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு பகுதிகளின் ஆளுங்கட்சிகளும் 1977இல் ஒன்றாகிச் சாமா ச்சா மாப்பின்டுசி, அதாவது புரட்சிக் கட்சி, ஆயின. ஜனவரி 12உம் ஏப்ரல் 26உம் இன்றும் அந்நாட்டின் பொது விடுமுறை நாள்கள். சான்சிபாருக்குத் தனி அதிபரும் தனிச் சட்டமன்றமும் தொடர்கின்றன. தாங்கனிக்காவுக்கெனத் தனி அரசு 1964 ஏப்ரலுக்குப் பின் அமையவில்லை.