ஆர்ட்டிசுனேட் ஆசனவாய் மாத்திரை

கடும் மலேரியா கண்ட குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஊரிலேயே கொடுக்கும் முதல் மருந்து. வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வந்த பிறகு வாய்வழி மருந்து உதவாது. ஊசி போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இருப்பதில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது அளவு. உள்ளே வைத்தபின் பிட்டங்களைப் பத்து நிமிடம் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். தாயின் மடியிலேயே முடிகிற வேலை. முப்பது நிமிடத்துக்குள் மருந்து வெளியே வந்துவிட்டால் மறுபடி வைக்க வேண்டும்.

1820இல் பாரிசில் பிரித்தெடுக்கப்பட்ட கொயினாவே நெடுங்காலம் கடும் மலேரியாவுக்கு மருந்தாக இருந்தது.

பின்னர் அதன் இடத்தைப் பிடித்த ஆர்ட்டிசுனேட்டின் தோற்றம் சீனாவில். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் தொகுத்த அவசர மருத்துவக் கைநூல், ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. இதைக் கவனித்த சீன ஆய்வாளர் தூ யூயூ, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். கே ஹோங் குறித்த செடியும் இன்று மருந்துக்குப் பயன்படும் செடியும் ஒன்றுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சாரத்தில் கிடைத்த மருந்துப் பொருளிலிருந்து ஆர்ட்டிசுனேட் 1977இல் சீனாவின் குய்லினில் உருவானது.

இம்மாத்திரையைப் பற்றிய விரிவான சான்று, கானா, தான்சானியா, வங்கதேசம் ஆகிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு. 17,826 பேருக்கு இம்மருந்தோ போலி மருந்தோ தரப்பட்டது. விரைவில் மருத்துவமனை சேர்ந்தவர்களிடம் வேறுபாடு தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் போய்ச் சேராதவர்களில், இறப்பு அல்லது நிரந்தர ஊனம் 3.8 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. தொலைவு கூடக் கூடத்தான் மருந்தின் பயன் தெரிந்தது. ஆனால் ஆசியாவில் பங்கேற்ற பெரிய வயதினரிடம் மருந்து பெற்றோரின் இறப்பே கூடுதலாகப் பதிவாயிற்று. தற்செயலா என்பது முடிவாகவில்லை. போலி மருந்து கொடுத்தது முறைதானா என்றும் கேட்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் இம்மருந்தை 2006 வழிகாட்டியிலேயே பரிந்துரைத்திருந்தது. அதன் தரச்சான்று பெற்ற முதல் தயாரிப்பு வர 2018 ஆயிற்று.

மருத்துவமனையில் தரும் ஊசிவழி ஆர்ட்டிசுனேட்டை ஆப்பிரிக்காவில் கொயினாவோடு ஒப்பிட்ட 2010 ஆய்வில் 5,425 குழந்தைகள் இருந்தனர்; ஆர்ட்டிசுனேட் பெற்றோரில் இறப்பு 8.5 விழுக்காடு, கொயினா பெற்றோரில் 10.9.

சாம்பியாவின் செரெஞ்சே மாவட்டத்தில் 2017 வாக்கில் ஊர்த் தொண்டர்கள் மாத்திரையை வைத்துவிட்டு, குழந்தையைச் சைக்கிள் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சைக்கிளின் பின்னால் இழுத்துச் செல்லும் படுக்கை வண்டி அது. மண் பாதையில் போகும், பெட்ரோல் வேண்டாம், பழுதானால் ஊரிலேயே சரிசெய்யலாம். இறப்பு வெகுவாகக் குறைந்ததாக அறிக்கைகள் கூறின. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

காங்கோ மக்களாட்சிக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா நாடுகளில் 2018 முதல் நடந்த பெருந்திட்டத்தில் உயிர்காப்புப் பயன் தென்படவில்லை. அனுப்பப்பட்ட குழந்தைகள் பலர் மருத்துவமனை சேரவில்லை. சேர்ந்தவர்களில் பலருக்கு முழு மருத்துவம் கிடைக்கவில்லை. 2022 தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் விரிவாக்கத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. அது அவசர முடிவு என்று சிலர் எதிர்த்தனர். 2023இல், மேல்சிகிச்சை உறுதியாக உள்ள இடங்களில் பயன்படுத்தலாம் என்ற புதிய வழிகாட்டுதல் வெளியாயிற்று.