எதிர்ப்பொருளில் ‘எதிர்’ எது?

எதிர்வீடு என்கிறோம், எதிரி என்கிறோம். முன்னதில் ‘எதிர்’ இருப்பிடத்தைச் சுட்டுகிறது, பின்னதில் பகையை. ‘எதிர்ப்பொருள்’ என்று கேட்டதும் மாணவர் மனத்தில் படிவது பகைதான். அந்தப் புரிதல் இயற்பியலுக்குப் பொருந்தாது; அது எதிர்வீட்டு ‘எதிர்’ என்பதே என் வாதம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. எலக்ட்ரானின் மின்னூட்டத்தைத்தான் நாம் எதிர்மின்னூட்டம் என்கிறோம். அதன் எதிர்த்துகளான பாசிட்ரானின் மின்னூட்டமோ நேர். ஆகவே எது ‘எதிர்’ என்பது நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1928இல் டிராக் எழுதிய சமன்பாடு இத்தகைய இணைக்கு இடம் வைத்திருந்தது. 1932 ஆகஸ்டில் கார்ல் ஆண்டர்சன் கலிபோர்னியாவில் அதைப் படம்பிடித்தார். அந்தப் படத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முகில் அறையின் நடுவே 6 மில்லிமீட்டர் தடிமனில் ஈயத்தகடு. காந்தப்புலத்தில் வளைந்த ஒரு தடம் அதை ஊடுருவிச் செல்கிறது. தகட்டுக்கு மேலே வளைவு அதிகம். அங்கேதான் துகளின் ஆற்றல் குறைந்திருக்கிறது. எனவே அது கீழிருந்து மேலே சென்றது. அந்தத் திசையில் சென்று அப்படி வளைய வேண்டுமானால் மின்னூட்டம் நேராக இருக்க வேண்டும். புரோட்டானாக இருந்தால் சிறிது தூரத்திலேயே நின்றிருக்கும். இத்தடமோ அதைவிடப் பத்து மடங்கேனும் நீளம். திசையை அறியத் தகடு வைத்த அந்த ஏற்பாடே இக்கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்பேன்.

மின்னூட்டக் குறி மாறுவது மட்டுமே வேறுபாடு என்று பாடநூல்கள் சில சொல்வது போதாது. நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. ஆயினும் எதிர்நியூட்ரான் உண்டு. அதனுள்ளே இருப்பவை எதிர்குவார்க்குகள். அதன் காந்தத் திருப்புத்திறனும் குறி மாறியது. நிறையோ மாறுவதில்லை. செர்னில் புரோட்டானையும் எதிர்புரோட்டானையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட அளவீட்டில், இலட்சம் கோடியில் 16 பங்கு துல்லியம் வரை மின்னூட்ட–நிறை விகிதத்தின் அளவில் வேறுபாடு தென்படவில்லை. எதிர்ஹைட்ரஜன் அணுக்களும் கீழ்நோக்கியே விழுகின்றன என்று அங்கேயே 2023இல் காட்டினார்கள்.

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் ‘அழிவு’ என்பார்களே, அதுவும் முற்றழிவு அன்று. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மெதுவாகச் சந்திக்கும்போது பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரண்டு காமா ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஆற்றல் அப்படியே இருக்கிறது. மருத்துவமனையில் பெட் ஸ்கேன் எடுக்கும்போது புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த இணைதான்.

அப்படியானால் உண்மையான வேறுபாடு எங்கே? மென்விசையில். 1964இல் கிரோனினும் ஃபிட்ச்சும் நெடுவாழ்வு நடுநிலைக் கேயான்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு, பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒன்றாக நடத்தும் சமச்சீர்விதி தடைசெய்த வழியில் சிதைவதைக் கண்டார்கள். 2025இல் எல்எச்சிபி ஆய்வுக்குழு அத்தகைய சமச்சீரின்மையைப் பேரியான் சிதைவிலும் முதன்முறையாகக் கண்டது: லாம்டா-பி துகளுக்கும் அதன் எதிர்த்துகளுக்கும் இடையே சுமார் 2.5 விழுக்காடு வேறுபாடு. தொடக்கப் பேரண்டத்தில் நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் மிஞ்சியதால்தான் விண்மீன்களும் நாமும் இருக்கிறோம். இன்றைய செந்தரக் கோட்பாடு தரும் சமச்சீரின்மையோ அந்தச் சிறு மிச்சத்தைக்கூட ஈடுகட்டவில்லை.