ஜொகூர்த் தோட்டப்புறத் தமிழரும் பொழுதின் ஆட்சியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

நேர மேலாண்மை இன்று கல்விக்கூடங்களிலும் பணியிடங்களிலும் பெரிதும் பேசப்படும் பொருளாகிவிட்டது. பயிலரங்குகள் நடத்தப்படுகின்றன; கையேடுகள் வெளிவருகின்றன. தமிழாசிரியர்கள் இப்பொருளைக் கற்பிக்கும்போது திருக்குறளின் 49ஆம் அதிகாரமாகிய காலமறிதலை மேற்கோளாக்குவது வழக்கம். ஆயின் அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுப்பின்கீழ் அமைந்திருப்பதை நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. வினைக்குரிய காலத்தைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றல் உடைய அரசனை நோக்கியே அறிவுரை முதற்கண் அமைகிறது. தன் பொழுதைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையற்ற ஒருவர் காலத்தை எவ்வாறு ஆண்டார் என்னும் வினா அதற்கு அப்பாற்பட்டது. இவ்வினாவை ஜொகூர் மாநிலத் தோட்டப்புறத் தமிழரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தமிழரின் பொழுதுக் கணக்கு

தொல்காப்பியப் பொருளதிகாரம் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளாக வகுத்துத் திணைகளோடு பொருத்துகிறது. ஒரு நாள் 60 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை 24 நிமிடம். முல்லைப்பாட்டு காட்டும் பாசறையிலும் நாழிகைக் கணக்கர் உளர். எனவே நுண்ணிய கால அளவு தமிழர்க்குப் புதிதன்று. தோட்டத்தில் அவர்கள் புதிதாகச் சந்தித்தது, பிறர் கையில் இருந்த கால அளவாகும்.

1909ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஜொகூர் பாருவரை நிறைவுற்றதும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொணர்ந்த பெருவழியாயிற்று. வேளாண் குடிகளாக இருந்து வந்தவர்களுக்கு மழையும் மதகும் உணர்த்திய பொழுது பழக்கமானது. தோட்டத்தில் அவ்விடத்தைப் பால்மரமும் பெரட்டும் எடுத்துக்கொண்டன.

பால்மரத்தின் பொழுது

இரப்பர் மரத்தின் பட்டையிலுள்ள பால்நாளங்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னரே மிகுந்திருக்கும். ஞாயிறு ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதால் அழுத்தம் குறைந்து பாலும் குறையும். ஆகவே வெட்டு வைகறையிலேயே தொடங்கவேண்டும். ஒருவருக்கு ஏறத்தாழ 400 முதல் 600 வரையிலான மரங்கள் ஒதுக்கப்பட்டன. நிரை நிரையாகச் சென்று வெட்டி முடித்து, பால் வடிந்து நிற்கும்வரை காத்திருந்து, மீண்டும் முதல் மரத்திலிருந்து பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். இடையில் மழை பெய்தால் பாலோடு உழைப்பும் வீணாயிற்று. நாட்கூலி பெறுவோருக்கு மழைக்காலம் வருவாய் குன்றும் காலமாயிற்று. மாதச் சம்பளக் கோரிக்கை தொழிற்சங்க வரலாற்றில் நெடுங்காலம் ஒலித்ததற்கு இதுவே அடிப்படைக் காரணங்களுள் ஒன்று எனலாம்.

எட்வர்ட் தாம்சன் என்னும் ஆங்கில வரலாற்றறிஞர் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரையில், செய்யவேண்டிய வேலையைக் கொண்டு பொழுதை அளக்கும் பழைய முறைக்கும் கடிகாரத்தைக் கொண்டு வேலையை அளக்கும் ஆலைமுறைக்கும் உள்ள வேற்றுமையை விளக்கினார். தோட்டத் தொழிலாளி இவ்விரண்டிலும் ஒருசேரக் கட்டுண்டிருந்தமை ஈண்டு குறிப்பிடத்தக்கது. மரம் ஒரு பொழுதை விதித்தது. நிருவாகம் மற்றொரு பொழுதை விதித்தது.

பெரட்டும் செக்ரோலும்

நிருவாகம் விதித்த பொழுதின் அடையாளமே பெரட்டு. இருள் அகலுமுன் தொழிலாளர் களத்தில் கூடவேண்டும். கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் ஏட்டில் பதிவார். பெயர் பதியப்படாதவருக்கு அன்றைய வேலை இல்லை, கூலியும் இல்லை. சில நிமிடத் தாழ்ச்சிக்கு ஒரு முழுநாள் விலையாயிற்று. கடிகாரம் நிருவாகத்தின் வசமிருக்க, மணியோசையே தொழிலாளிக்கு எட்டியது. நேரந்தவறாமை என்னும் பண்பு அச்சத்தின் வழியே பயிற்றப்பட்டது என்பதை இதனால் உணரலாம்.

இவ்வாட்சியின் முழுச்சுமை பெண்டிர்மேல் விழுந்தது. பெரட்டுக்கு முன்னரே எழுந்து சமைத்து, உறங்கும் குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, ஆடவர்க்கு இணையாக நிரையில் நின்று வெட்டி, நண்பகலில் லயத்துக்குத் திரும்பி நீர் சுமந்து, துணி துவைத்து, மாலைச் சமையலைத் தொடங்கும் நாளமைப்பு அவர்களுடையது. எதை முன்செய்வது, எதைப் பின்வைப்பது, எதை அண்டைவீட்டாரோடு பகிர்வது என்னும் கணக்கு இல்லாமல் அந்நாள் நடந்தேறாது. பிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை நூல் உழைப்பைக் கூறுகளாகப் பிரித்துக் காலத்தை மிச்சப்படுத்த வழிகூறியது, அம்மிச்சம் முதலாளிக்குரியதாயிற்று. தோட்டப்பெண் மிச்சப்படுத்திய பொழுதோ மற்றொரு வேலைக்கே சென்றது.

கடிகாரம் மாறியது, மரம் மாறவில்லை

மலாயாவில் கடிகார நேரமும் நிலையாக இருந்ததில்லை. ஜொகூர் பாரு கிழக்கு நெடுங்கோடு 103.75 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. ஞாயிற்றின் இயக்கப்படி அதன் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முந்தியது. 1905இல் இது 7 மணியாகச் சீர்செய்யப்பட்டது. 1933இல் 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. 1942இல் சப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது கடிகாரம் ஒரேயடியாக ஒன்றரை மணி முன்சென்றது. அக்காலத்தில் ஜொகூரில் கதிரவன் எழும்போது கடிகாரம் ஏறத்தாழ 8 மணி காட்டியது. 1945இல் பழைய நேரம் மீண்டது. 1981 டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டித் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன் நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாயின.

இதன் விளைவாக இன்றைய ஜொகூர்க் கடிகாரம் ஞாயிற்றுக்கு ஒருமணிக்கும் சற்று மிகுதியாக முந்தியுள்ளது. நிலநடுக்கோட்டை அணுகிய நிலமாதலின் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 30 நாழிகையாகவே நிற்கின்றன; எனினும் பள்ளிப்பிள்ளைகள் இருளிலேயே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். அரசாணை கடிகார முள்ளை நகர்த்தியது. பால் வடியும் பொழுதை எவ்வாணையும் நகர்த்தவில்லை. உழைப்பாளியின் உடலோ இரண்டிற்கும் இடையே தன்னை மாற்றிக்கொண்டே வந்தது.

சட்டம் வரையறுத்த நேரம்

1955இல் இயற்றப்பட்டு 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம் ஒருநாளைக்கு 8 மணி, ஒரு வாரத்துக்கு 48 மணி என வேலைநேரத்தை வரம்பிட்டு, வாரந்தோறும் ஒரு முழுநாள் ஓய்வையும் உறுதிசெய்தது. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இக்காலத்தில் வளர்ந்த அமைப்பாகும். 2023 ஜனவரி முதல் வார வரம்பு 45 மணியாகக் குறைந்தது. ஓய்வுநாள் எந்நாள் என்பதை வகுக்கும் உரிமை மட்டும் முதலாளியிடமே இருந்துவருகிறது. இது சிறு செய்தியாகத் தோன்றினும், ஜொகூரில் இதன் பொருள் பெரிது.

வெள்ளிக்கிழமையை வார ஓய்வாகக் கொண்டிருந்த ஜொகூர் மாநிலம் 1994இல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. 2014 ஜனவரியில் வெள்ளி, சனி விடுமுறை மீண்டும் வந்தது; 2025 ஜனவரியில் மறுபடியும் சனி, ஞாயிறு ஆயிற்று. இடைப்பட்ட பதினோராண்டுகள் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் ஞாயிறன்று இயங்கின. தனியார் நிறுவனங்கள் பல பழைய ஒழுங்கிலேயே நின்றன. பெற்றோர் ஞாயிறன்று வீட்டிலிருக்கப் பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர். பிள்ளைகள் வீட்டிலிருந்த வெள்ளியன்று பெற்றோர் பணியில் இருந்தனர். ஒவ்வொருவரும் தம் நாட்குறிப்பைச் செவ்வனே ஒழுங்குபடுத்தினும் குடும்பத்துக்கெனப் பொதுவான முழுநாள் சனி ஒன்றே எஞ்சியது. சனியன்றும் பணியிருந்தோர்க்கு அதுவும் இல்லை. நேரம் தனியொருவரின் உடைமை மட்டுமன்று, ஒரு சமூகம் பகிர்ந்துகொள்ளும் பொருள் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

தோட்டத்திலிருந்து கடற்பாலத்துக்கு

இரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறியபோது பொழுதின் இயல்பும் மாறியது. அறுத்த குலைகளை விரைந்து, கூடுமானால் ஒருநாளைக்குள், ஆலை சேர்க்காவிடில் எண்ணெயின் தரம் குன்றும். ஆகவே வைகறையின் அவசரம் குறைந்து ஆலையின் அவசரம் மிகுந்தது. நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் சென்றபின் தோட்டக் குடும்பங்கள் பல மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறின. அவர்களின் வழித்தோன்றல்களுள் ஒரு பகுதியினர் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூரில் பணிபுரிகின்றனர். நெரிசலுக்கு அஞ்சி அவர்கள் விடியலுக்கு முன்னரே எழுகின்றனர். பாட்டி பால்மரத்துக்காக எழுந்த அதே இருளில் பெயரன் குடிநுழைவுச் சாவடிக்காக எழுகிறான். பயணத்தில் கழியும் மணிகள் எந்தச் சட்டத்தின் வேலைநேரக் கணக்கிலும் சேர்வதில்லை.

முடிவுரை

தோட்டப்புறத் தமிழர் நேரத்தின் அருமை அறியாதவர் என்னும் கருத்து அவ்வப்போது மேடைகளில் ஒலிக்கக் கேட்கிறோம். மேலே கண்ட சான்றுகள் அதனை மறுக்கின்றன. விடியலுக்கு முன் எழுதல், குறித்த நேரத்தில் களம் சேர்தல், நானூறு மரங்களை வரிசை பிறழாது முடித்தல், இல்லப்பணியையும் வெளிப்பணியையும் இணைத்தல் ஆகிய அனைத்தும் அவர்களிடம் நிறைவாக இருந்தன. இல்லாதிருந்தது தம் பொழுதின்மீதான உரிமையே.

ஆகவே தமிழாசிரியர்கள் காலமறிதலைக் கற்பிக்கையில் இரண்டு வினாக்களை இணைத்துக் கற்பித்தல் பயனுடைத்து என்பது எம் கருத்து. உள்ள நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது ஒன்று; அந்நேரத்தை வகுப்பவர் யார் என்பது மற்றொன்று. மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் பெரட்டுக்கால நாளமைப்பைக் கேட்டு எழுதிவரின் அது சிறந்த மொழிப்பயிற்சியாவதோடு, மறைந்துவரும் தோட்டச் சொற்களுக்கும் ஆவணமாகும். தாமதமாக வரும் மாணவனைக் கடியுமுன் அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், அவ்வேளையில் அவனுடைய தாய் எங்கிருந்தார் என்று வினவும் ஆசிரியர், காலமறிதலின் உண்மைப் பொருளை அறிந்தவராவார்.