புரவியின் வலியும் மருந்தின் அளவும்

கடாரத்தையும் குதிரையையும் ஒருசேர நினைவிற்குக் கொணரும் பழந்தமிழ் நூல் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடல்வழி வந்த புரவிகளை முதலிலும் காழகத்துப் பொருள்களைப் பின்னரும் வைக்கிறார். காழகமாவது கடாரமே என உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். கெத்தில் ஆறு மூடா ஆற்றொடு கலக்கும் கோலா கெத்திலில் அப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் மண்ணின் பெயரை அதில் மாணவர்க்குக் காட்டி மகிழலாம். ஆனால், தமிழகக் கரையில் இறங்கிய புரவிகளின் பிற்காலக் கதை மகிழ்ச்சி தருவதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளினின்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த குதிரைகளுட் பெரும்பாலானவை விரைவிலேயே மாண்டன என்று எழுதிவைத்தார். பேணும் முறை அறிந்தார் அங்கு இலர். இறைச்சியொடு வெந்த சோற்றை ஊட்டினர் என்பது அவர் கூற்று. குதிரை மருத்துவரை வணிகர் அங்குச் செல்லவிடுவதில்லை என்றும், குதிரைகள் சாகச் சாக அவர்தம் விற்பனை வளர்ந்தது என்றும் அவர் மேலும் கூறுகிறார். அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். சாலிகோத்திரர், நகுலர் பெயர்களால் வழங்கும் பரிநூல்கள் இந்திய நாட்டில் இருந்தனவே! ஏட்டில் இருந்த அறிவு கொட்டிலை எட்டவில்லை போலும்.

நம் காலத்துக் கொட்டிலை எட்டிய மருந்து பினைல்பியூட்டசோன். 1949-இல் மாந்தரின் மூட்டுவாதத்திற்கென வந்த இது, எலும்பு மச்சையைத் தாக்கிக் குருதியணுக்களைக் குறைக்கும் கேடு புலப்பட்டபின், பல நாடுகளில் மாந்தர்க்கு விலக்கப்பட்டது. 1950-களிலேயே குதிரை மருத்துவத்தில் புகுந்துவிட்ட அது அங்கு மட்டும் நிலைத்தது. மாவாகவோ பசையாகவோ வாய்வழி கொடுக்கலாம்; விலையும் குறைவு. நொண்டிய குதிரை மறுநாளே நடந்தால் யாருக்குத்தான் கை நீளாது? 1968-இல் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்னும் குதிரையிடம் இம்மருந்தின் தடயம் காணப்பட்டு, வெற்றி பறிக்கப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அவ்வழக்கு ஆட்டத்தின் நேர்மை பற்றியது. குதிரையின் உயிர் பற்றிய ஆய்வு பின்னரே வந்தது. ஆசுபிரின் போன்ற மருந்துகள் உடலிற் புரோசுட்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் விளக்கினார்; 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் அப்பொருளே இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்படலத்தைக் காப்பது. சிறுநீரகத்துக் குருதியோட்டத்திற்குத் துணை நிற்பதும் அதுவே. ஆகவே வலியை அடக்கும் கைதான் குடலையும் புண்ணாக்குகிறது. மிகை அளவு கொடுக்கப்பட்ட மட்டக்குதிரைகள் புண்பட்டு மாண்டதை 1970-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டின.

நோயுற்றார் அளவும், நோயின் அளவும், காலமும் கருதுக என்ற வள்ளுவரின் நெறி இங்கு எண்ணிக்கையாகவே நிற்கிறது. முதல் நாள் உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் 4.4 மில்லிகிராம் வீதம் இருவேளை, பின்னர் 2.2 மில்லிகிராமாகக் குறைத்து, இயன்ற விரைவில் நிறுத்துதல் வழக்கம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல்நாள் அளவு ஏறத்தாழ 4 கிராம். அதே 4 கிராமைக் கண்ணளவாக 200 கிலோ மட்டக்குதிரைக்குக் கொடுத்தால் இருமடங்கிற்கும் மிகுதியாகிவிடும். அளவைக் கூட்டுவதால் வலி மேலும் தணிவதில்லை, கேடே கூடும். இவ்வகையில் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், நீர் குடியாத குதிரைக்குக் கொடுப்பதும் இடர் மிக்கவை.

1864-இல் தோன்றிய பினாங்குப் பந்தயக் கழகம் 2025-இல் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. சிங்கப்பூரில் 2024 அக்டோபரிலேயே பந்தயம் நின்றது. ஓட்டத்தை விட்ட முதிய குதிரைக்கே மூட்டுவலி நெடுநாள் நீடிப்பது. மருந்தும் நெடுநாள் செல்வது. தீனி மறுத்தல், வாய்ப்புண், கழிச்சல், அடிவயிற்று வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.