ஆயில் இருந்தும் பாழாகும் இன்ஜின்

கார் இன்ஜின் கெட்டுப்போக ஆயில் தீர வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஐந்து லிட்டர் ஆயில் நிறைவாக இருக்கும்போதே, ஒரே ஒரு நீண்ட வளைவில் இன்ஜின் போய்விடலாம்!

பெரும்பாலான கார்களில் ஆயில், இன்ஜினுக்கு அடியில் உள்ள தொட்டியில் தேங்கி நிற்கும். அதன் பெயர் சம்ப். வீட்டில் தண்ணீருக்குக் கட்டுகிறோமே, அதே பெயர்தான். அதிலிருந்து ஒரு குழாய் வழியாகப் பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். கார் வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். குழாயின் வாய் ஆயிலுக்கு வெளியே வந்துவிடும். பம்ப் காற்றை இழுக்கும். வீட்டு மோட்டார் ஏர் பிடித்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். இங்கே போவது இன்ஜின்.

நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு விநாடியில் 100 முறை சுற்றுகிறது. ஒரு விநாடி ஆயில் வரவில்லை என்றால், 100 சுற்றுக்குப் புது ஆயில் இல்லை என்று பொருள். சரக்கு நிறைய இருந்தும், சம்பள நாளில் கையில் காசு இல்லாத கடையின் நிலைமை இது.

இதற்குச் சிலர் மாட்டும் எளிய மருந்துதான் ஆயில் அக்குமுலேட்டர். ஆயிலை அழுத்தத்தோடு சேமித்து வைத்து, தட்டுப்பாடு வரும் நொடியில் திருப்பித் தரும் ஒரு அலுமினியக் குடுவை. பார்க்கச் சின்ன சாமான். ஆனால் அதன் பின்னால் உள்ள யோசனைக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் கதை கார்களில் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது.

மணலில் நிற்காத கோபுரம்

வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் நியூகாசில் நகரத்து வக்கீல். பிறகு இன்ஜினியர் ஆனவர். தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேன்களைத் துறைமுகங்களுக்குச் செய்து கொடுத்தார். அழுத்தம் வேண்டுமானால் தண்ணீரை உயரத்தில் ஏற்றி வைக்க வேண்டும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் இதற்காகவே சுமார் 94 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று 1852-ல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது.

ஆனால் ஹம்பர் நதி முகத்துவாரத்தில் நியூ ஹாலந்து என்ற இடத்தில் தரை முழுக்க மணல். கோபுரம் நிற்காது. அதனால் 1850-ஐ ஒட்டி ஆர்ம்ஸ்ட்ராங் வேறு வழி கண்டார். ஒரு பெரிய இரும்பு சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு தண்டு. தண்டின் தலையில் பல டன் பாரம். நீராவி இன்ஜின் நிதானமாகத் தண்ணீரை உள்ளே தள்ளத் தள்ள, பாரம் மெல்ல மேலே ஏறும். கிரேனுக்கு வேலை வந்ததும் பாரம் கீழே இறங்கித் தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும். இதுதான் அக்குமுலேட்டர்.

இதன் லாபம் என்ன? கிரேன் நாள் முழுவதும் ஒரே சீராக வேலை செய்வதில்லை. கொஞ்ச நேரம் பயங்கர வேலை, பிறகு வெகுநேரம் சும்மா. உச்சத் தேவைக்கு ஏற்ற பெரிய இன்ஜின் வாங்கிப் போட்டால் பணம் வீண். சின்ன இன்ஜின் ஓய்வு நேரத்தில் சேமித்து வைத்தால் போதும். 1894-ல் திறக்கப்பட்ட லண்டன் டவர் பிரிட்ஜும் இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொன்றும் சுமார் 1,000 டன் எடையுள்ள அதன் இரண்டு பாலக் கதவுகளைத் தூக்க ஆறு அக்குமுலேட்டர்கள் இருந்தன. 1970-களில்தான் அந்த ஏற்பாடு மாறி மின்சாரமும் ஆயிலும் வந்தன.

கட்டையைத் தள்ளிய ஆயில்

இன்ஜினுக்கு ஆயில் ஏன் இவ்வளவு அவசியம்? வழவழப்பாக இருக்கத்தான் என்று எல்லோரும் சொல்வோம். 1883 வரை இன்ஜினியர்களுக்கே அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது.

அந்த ஆண்டு பீச்சம் டவர் என்பவர், பிரிட்டனின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் கழகத்துக்காக ரயில் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போகவில்லை. துளை வழியாக மேலே வழிந்தது! கார்க் வைத்து அடைத்தார், வெளியே தள்ளியது. மரக்கட்டையை அறைந்தார், அதையும் மெல்லத் தள்ளியது. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் 200 பிஎஸ்ஐ-க்கு மேல். பேரிங்கின் மேல் இருந்த சராசரி பாரமோ 100 பிஎஸ்ஐ தான்.

இதற்கான கணித விளக்கத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கொடுத்தார். சுற்றும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடைவெளியில் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த ஆப்பு அச்சையே தூக்கிப் பிடிக்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை.

ஆக, பாரத்தைத் தாங்குவது பம்ப் தரும் அழுத்தம் அல்ல. அச்சு தானே உண்டாக்கும் அழுத்தம். பம்பின் வேலை, அந்த ஆப்புக்கு ஆயில் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதுதான். வரத்து நின்றால் படலம் மெலியும், பிறகு கிழியும். அப்போது உலோகம் உலோகத்தைத் தொடும்.

அள்ளித் தெளித்த காலம்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பே கிடையாது. சுற்றும் ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி குழாய் வழியாக முன்பக்கம் போகும். மீதியைக் கனெக்டிங் ராடுகள் அள்ளித் தெளித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு அது போதுமானதாக இருந்தது. செவர்லே நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் கனெக்டிங் ராடுகளுக்கு இந்த அள்ளித் தெளிக்கும் முறை 1950-களின் தொடக்கம் வரை நீடித்தது.

வேகம் கூடக்கூட, எல்லா பேரிங்குக்கும் பம்ப் வைத்து ஆயில் அனுப்புவது கட்டாயமானது. அதோடு புதிய பலவீனமும் வந்தது. இனி முழு இன்ஜினின் உயிரும் சம்பில் இருக்கும் ஒரே குழாயின் வாயில்!

பந்தயக் கார்கள் இதற்கு டிரை சம்ப் என்ற தீர்வைக் கண்டன. அடியில் விழும் ஆயிலைத் தேங்க விடாமல் தனிப் பம்ப் உடனே உறிஞ்சி, உயரமான ஒரு தனித் தொட்டிக்கு அனுப்பிவிடும். அந்தத் தொட்டியிலிருந்து இன்னொரு பம்ப் இன்ஜினுக்கு ஆயில் தரும். உயரமான, குறுகலான தொட்டியில் ஆயில் எவ்வளவு ஆடினாலும் அடி வற்றாது. 1954-ன் மெர்சிடிஸ் 300 எஸ்எல், 1963-ல் அறிமுகமான போர்ஷே 911 போன்ற சில சாலைக் கார்களிலேயே இது இருந்தது. ஆனால் விலை அதிகம். சாதாரணக் கார்களுக்கு ஒத்துவரவில்லை.

இதற்கிடையில் அக்குமுலேட்டர் காருக்குள் வேறு வழியாக நுழைந்தது. 1955 பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோன் டிஎஸ் காரில் இரும்பு உருண்டைகள் இருந்தன. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் திரவம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பல டன் பாரம் செய்த வேலையை இங்கே அமுங்கிய வாயு செய்தது. பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அழுத்தம் எப்போதும் தயாராக இருந்தது. காரில் ஏறும் அளவுக்கு அக்குமுலேட்டர் சின்னதாகிவிட்டது.

டயர் செய்த குற்றம்

பிரச்சினையைப் பெரிதாக்கியது இன்ஜின் அல்ல, டயர். கணக்கு எளிது. கார் ஒரு வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசையை, அதாவது 1 ஜி-யைத் தாங்கித் திரும்பினால், சம்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். 0.6 ஜி என்றால் சுமார் 31 டிகிரி. பழைய டயர்கள் அதற்கு மேல் போனால் வழுக்கிவிடும். வழுக்கியதே ஒரு வகையில் இன்ஜினுக்குப் பாதுகாப்பு!

1959-ல் வந்த மினி காரிலேயே இந்த எல்லை தெரியத் தொடங்கிவிட்டது. அதில் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டன. பந்தயத்தில் ஓட்டியவர்கள் வளைவுகளில் ஆயில் அழுத்தம் விழுவதைக் கண்டு, உறிஞ்சு குழாயை நடுவுக்கு மாற்றினார்கள். 1984-ல் வந்த புதிய கோர்வெட் அகலமான டயர்களோடு 0.9 ஜி-யைத் தொட்டது. அதன் பிறகு, பந்தயத்துக்கு நிகரான பிடிப்புள்ள டயர்கள் சாலைக் கார்களுக்கே கடையில் கிடைக்கத் தொடங்கின. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் வளர்ந்தது. டயர் பந்தயத்துக்குத் தயார், சம்ப் மட்டும் இன்னும் கடைத்தெருவுக்குத்தான்.

பந்தயக் குழுவுக்கு இன்ஜின் போனால் இன்னொரு இன்ஜின் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போகிறவருக்கு என்ன இருக்கும்?

குடுவை எப்படி வேலை செய்கிறது?

இவர்களுக்குத்தான் அக்குமுலேட்டர். அமெரிக்காவில் கான்டன் நிறுவனத்தின் 'அக்குசம்ப்' பிரபலமான பெயர். மொரோஸோ நிறுவனமும் இதே வகைக் குடுவை செய்கிறது. உள்ளே ஒரு பிஸ்டன். ஒரு பக்கம் கொஞ்சம் காற்று, மறுபக்கம் இன்ஜின் ஆயில். ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 60 பிஎஸ்ஐ இருக்கும்போது பிஸ்டன் காற்றை அமுக்கி ஆயிலை உள்ளே வாங்கும். வளைவில் அழுத்தம் விழுந்ததும் காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளும். அந்த ஆயில் பம்ப் பக்கம் பின்னோக்கி ஓடாமல் ஒருவழி வால்வு தடுக்கும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? இன்ஜின் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு அரை லிட்டர். ஒரு லிட்டர் கிடைத்தால் இரண்டு விநாடி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அது 200 சுற்று! வளைவைக் கடக்கப் பெரும்பாலும் அது போதும்.

இன்னொரு பலனும் உண்டு. வண்டியை அணைக்கும் முன் வால்வை மூடிவிட்டால் அழுத்தம் உள்ளேயே நிற்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் திறந்தால், கிராங்க் ஒரு சுற்று சுற்றும் முன்பே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரும். தடத்துக்கே போகாதவருக்கும் இது தினசரி லாபம்.

குறைகளும் உண்டு. காலியான குடுவை மறுபடி நிறையும்போது, இன்ஜினுக்குப் போக வேண்டிய ஆயிலில் பங்கு கேட்கும். அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் நிரம்ப நேரம் இருக்காது. சாலைக் காருக்கு இன்னொரு சிக்கல். ஆயில் சூடானபின் ஐடிலில் அழுத்தம் இயல்பாகவே குறைவு. தானியங்கி வால்வு திறக்கும் அளவை உயரமாக வைத்துவிட்டால், ஒவ்வொரு சிக்னலிலும் குடுவை தன் கையிருப்பைச் செலவழித்துவிடும். சாலைக்கு 20-25 பிஎஸ்ஐ, தடத்துக்கு 35-40 பிஎஸ்ஐ என்று வெவ்வேறு ஸ்விட்ச்கள் விற்பது அதனால்தான். குடுவை குடிக்கும் ஆயிலையும் சேர்த்து ஊற்ற வேண்டும். ஆனால் அணைத்தபின் அது முழுக்க சம்புக்குத் திரும்பிவிட்டால் ஆயில் அளவுக்கு மீறிப்போகும்.

செலவுக் கணக்கில், சம்புக்குள் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தடுப்புத் தகடுகள்தான் முதல் படி. அடுத்தது சில நூறு டாலரில் அக்குமுலேட்டர். கடைசியில் சில ஆயிரம் டாலரில் டிரை சம்ப். தகடு நோயைக் குறைக்கிறது, டிரை சம்ப் நோயைத் தீர்க்கிறது. அக்குமுலேட்டர் நோய் வரும் நேரத்தில் மட்டும் உயிரைப் பிடித்து வைக்கிறது.

கார் நிறுவனங்களும் கடைசியில் இதை உணர்ந்தன. 2006-ன் கோர்வெட் இசட்06 தொழிற்சாலையிலிருந்தே டிரை சம்ப்போடு வந்தது. ஆனால் அதற்கு முந்தைய கோர்வெட்டுகளும், அந்த வசதி இல்லாத ஆயிரக்கணக்கான மற்றக் கார்களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு 1850-ன் யோசனைதான் கைகொடுக்கிறது.

எதை மாட்டுவதாக இருந்தாலும் அதற்கு முன் மாட்ட வேண்டியது ஒரு ஆயில் பிரஷர் கேஜ். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு, அழுத்தம் கிட்டத்தட்ட முழுதும் போனபின்தான் எரியும். வளைவில் முள் விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால், எத்தனை ரூபாய்க்கு எதை வாங்குவது என்பதை அந்த முள்ளே சொல்லிவிடும்.