கழுவப் போன குடுவையும் கையால செஞ்ச கார்டும்

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வழவழன்னு ஒரு காகிதம், அதுல ரெண்டு சொட்டு ஆல்கஹால் இங்க், மேல கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஹேர் டிரையர் வச்சு மெதுவா ஊதினா பூ மாதிரி விரியும். வெட்டி ஒட்டினா கார்டு ரெடி. இந்த பாட்டில் கடைக்கு வந்தது சமீபத்துலதான். ஆனா அதுக்குள்ள இருக்கிற சங்கதிக்கு ஏறக்குறைய 170 வயசு.

1856, லண்டன், ஈஸ்டர் விடுமுறை. வில்லியம் ஹென்றி பெர்க்கின்னு ஒரு பையன், வயசு 18. வீட்டுலயே ஒரு சின்ன லேப். மலேரியாவுக்கு அப்போ இருந்த மருந்து குயினைன். சிங்கோனா மரப்பட்டையிலிருந்துதான் எடுக்கணும். அதைச் செயற்கையா செய்ய முடியுமான்னு அவரோட பேராசிரியர் ஹாஃப்மனுக்கு ஒரு ஆசை. பையன் முயற்சி பண்ணினார், வரலை. அனிலினை வச்சு திரும்பப் பார்த்தார். குடுவையில மிஞ்சினது கறுப்பா ஒரு கசடு. நாமளா இருந்தா தூக்கிப் போட்டிருப்போம். அவர் அதுல ஆல்கஹாலை ஊத்த, பளிச்னு ஊதா நிறம் இறங்குச்சு. தண்ணியில சரியா கரையாத சாயம், ஆல்கஹால்ல கரைஞ்சிடுச்சு!

அதுதான் மாவ். அதே வருஷம் காப்புரிமை. படிப்பை விட்டுட்டு ஃபேக்டரி கட்டப் போறேன்னு பையன் சொன்னப்போ, அப்பா திட்டலை. தன் சேமிப்பைத் தூக்கிக் கொடுத்தார். (நம்ம வீட்ல இது நடக்குமா? சரி, விடுங்க.) 1858-ல விக்டோரியா ராணி மகள் கல்யாணத்துக்கு மாவ் நிறத்துலதான் வந்தாங்க.

இப்போ கார்டுக்கு வருவோம். சாதாரண காகிதம் இங்கை உறிஞ்சிடும். அதனாலதான் யூப்போ. அது பாலிபுரொப்பிலீன், மரக்கூழே கிடையாது. ஆல்கஹால் பறந்துடும், சாயம் மேலாப்புல தங்கிடும். இன்னொரு சொட்டு விட்டா திரும்பக் கரையும். அந்த அழகுக்குக் காரணம் இதுதான்.

சிக்கல் என்னன்னா, இதுல பெரும்பாலும் இருக்கிறது சாயம், நிறமித் தூள் இல்லை. வெயில் பட்டா சாயத்தோட மூலக்கூறு உடையும். அந்தக் கால அனிலின் துணிகளும் இப்படித்தான் வெளுத்துச்சு. அம்மாவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் செஞ்ச கார்டை ஜன்னலோரம் வச்சாங்க. ரெண்டு வருஷத்துல பிங்க் போயே போச்சு. எனக்குத்தான் மனசு கேக்கலை.

ஆகவே, கொடுக்கும்போதே கவரும் சேர்த்துக் கொடுங்க. வார்னிஷைப் பிரஷ்ல தடவாதீங்க, இங்க் இழுத்துக்கிட்டு வந்துடும்; யூவி தடுக்கிற ஸ்ப்ரே அடிங்க. செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல மெழுகுவத்தி வேண்டாம். அது பத்திக்கிற சரக்கு.